ஐம்பத்திரண்டாவது வள்ளம்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த திங்கட்கிழமை வெளிவந்த தங்கள் பத்திரிகையில், களனி கங்கையில் நடந்த தர்ம நிதி வள்ளப் போட்டி பற்றிய செய்தியை நான்கு நிறப் படங்களுடன் போட்டிருந்தீர்கள். “பங்குபற்றிய 52 வள்ளங்களும் முற்பகல் 11.30 மணிக்குள் பாதுகாப்பாகக் கரை சேர்ந்தன” என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. தயவுசெய்து அதை 51 என்று திருத்திக்கொள்ளுங்கள். 11.30 மணிக்கு ஐம்பத்திரண்டாவது வள்ளம் ரயில் பாலத்தடியில் ஆகாயத்தாமரைக்குள் சிக்கிக் கிடந்தது. அந்த வள்ளத்தின் முன் இருக்கையில் இருந்தவன் நான்.

உங்கள் செய்தியாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மேடையில் சொன்னதை அவர் எழுதியிருக்கிறார். மேடையில் சொன்னவர் எண்ணிப் பார்க்காமல் சொன்னார். என் முறைப்பாடு அதுதான்.

நான் கொழும்புத் துறைமுகத்தில் 34 ஆண்டுகள் டாலி எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். டாலி என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. கப்பலில் இருந்து சரக்கு இறங்கும்போது பக்கத்தில் நின்று எண்ணிப் பதிகிற வேலை. நான் சேர்ந்த காலத்தில் அரிசியும் சீனியும் மாவும் வலையில் கட்டிய மூட்டைகளாக இறங்கும். நான்கு கோடு, குறுக்கே ஒன்று, அது ஐந்து. அப்படியே பக்கம் பக்கமாக நிரம்பும். கப்பல்காரரின் ஆள் ஒருபுறம் எண்ணுவார், நாங்கள் ஒருபுறம் எண்ணுவோம், மாலையில் இரண்டு தாளும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மூட்டை கணக்கில் இடித்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பேச்சே இல்லை. பிறகு கொள்கலன்கள் வந்தன, கணினி வந்தது, பென்சிலுக்கு வேலை குறைந்தது. பழக்கம் மட்டும் போகவில்லை. தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர்களை எண்ணுகிறேன். கல்யாண வீட்டில் பந்தியில் இலைகளை எண்ணுகிறேன். இதைப் பற்றி என் மனைவி சொல்வதை அச்சில் போட முடியாது.

அன்று என் பின்னால் இருந்தவரும் துறைமுகத்தில் என்னோடு அதே வேலை பார்த்தவர். சிங்களவர், கொலன்னாவைக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். எனக்கு 66. இருவர் வயதையும் கூட்டினால் 130. எங்களுக்கு அடுத்த மூத்த வள்ளத்தை விசாரித்தேன், அவர்களுடைய கூட்டுத்தொகை 97. அறிவித்தலைக் கண்டுவிட்டு, “மச்சான், நாங்களும் போவோம்” என்று முதலில் சொன்னவர் அவர். சேரும் பணம் முழுவதும், நோயுற்ற பிள்ளைகளோடு வைத்தியசாலையில் தங்கும் தாய்மாருக்குச் சாய்வுக் கட்டில்கள் வாங்கப் போகும் என்று அறிவித்தலில் இருந்தது. போன வருடம் என் பேத்தி 11 நாட்கள் வாட்டில் இருந்தாள். அந்த 11 இரவும் என் மகள் அவளுடைய கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்தாள். ஆகவே நான் அதிகம் யோசிக்கவில்லை. முழங்கால்தான் கொஞ்சம் யோசித்தது.

பணம் சேர்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். நாம் கடக்கும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இத்தனை ரூபா தருவேன் என்று அயலவர்கள் அதில் பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தூரம் பத்துக் கிலோமீற்றர். அது ஏற்பாட்டுக் குழுவின் கணக்கு, நான் அளந்து பார்க்கவில்லை. மட்டக்குளியில் எங்கள் ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலுமாக 31 பேர் எழுதினார்கள். பள்ளிவாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் நானா 50 ரூபா, எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை 100. சந்தியில் மீன் விற்பவரும் 100 எழுதினார், பக்கத்தில் “ஐயா கரை சேர்ந்தால்” என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்து. மொத்தம் கிலோமீற்றருக்கு 1,860. பத்தால் பெருக்கினால் 18,600 ரூபா.

வள்ளம் என்று நான் பொதுவாக எழுதுகிறேன். அறிவித்தலில் கயாக் என்றும் கனூ என்றும் பிரித்திருந்தார்கள். கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இரண்டு முனையிலும் தட்டுள்ள துடுப்பை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வலிக்க வேண்டும். கனூவின் துடுப்புக்கு ஒரு முனையில்தான் தட்டு. பேரை வாவியில் கல்லூரிப் பிள்ளைகள் ஓட்டும் ஒல்லிப் படகு வேறு சாதி. அதில் இருப்பவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள். அந்த வாவியில் 1864ஆம் ஆண்டு தொடங்கிய படகோட்டக் கழகம் இருக்கிறது, அங்கே எல்லாம் முறைப்படி நடக்கும். எங்களுக்குக் கிடைத்தது ஏற்பாட்டுக் குழு வாடகைக்கு எடுத்துத் தந்த செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கயாக், இலக்கம் 47. அதன் தட்டில் விரல் நுழையும் அளவில் ஆறு ஓட்டைகள் இருந்தன. ஏறி உட்கார்ந்ததும் அவற்றின் வழியாகத் தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்தது. நண்பர் பதறிப்போய்த் தன் கைக்குட்டையைக் கிழித்து நான்கை அடைத்துவிட்டார். மற்ற இரண்டும் என் காலடியில் இருந்தன, அவற்றை நான் குதிக்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது. அந்த வள்ளம் காற்று அடைத்த கோது, இலேசில் தாழாது. மேலே விழும் தண்ணீர் தானாக வடிந்துபோகத்தான் ஓட்டைகள். அவற்றை அடைத்த புத்தியினால் முதல் ஒரு மணித்தியாலமும் குளிக்கும் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல ஆற்றில் போனோம்.

போட்டி காலை 7.30க்குத் தொடங்கும் என்று அறிவித்தல். பிரதம அதிதி 8.10க்கு வந்தார். மங்கல விளக்கு, வரவேற்புரை, அனுசரணையாளர் உரை, அதிதி உரை. ஆற்றைத் தாய் என்றார்கள். தாயின் மேல் மிதந்த பிளாஸ்டிக் போத்தல்களை யாரோ காலையிலேயே அரித்து எடுத்திருந்தார்கள், அதை மட்டும் பாராட்டுகிறேன். கொடியை அசைத்தபோது 8.35. அதற்குள் நான் எண்ணி முடித்திருந்தேன். பத்து ஐந்துகள், மேலே இரண்டு. நண்பர் என்னிடம் கேட்காமல் தனியாக எண்ணி 52 என்றார்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. தொடக்கம் ஒரு மணித்தியாலமும் ஐந்து நிமிடமும் பிந்தியது. முடிவு பிந்தவில்லை. சோற்றுப் பார்சல், பரிசளிப்பு, கூடாரம் கழற்ற வரும் ஆட்கள், எல்லாம் 7.30ஐ வைத்தே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. விதிமுறைத் தாளில், தொடங்கியதிலிருந்து நான்கு மணித்தியாலத்துக்குள் வந்து சேரும் வள்ளங்கள் யாவும் போட்டியை நிறைவு செய்தவையாகக் கொள்ளப்படும் என்று இருக்கிறது. மொழிபெயர்ப்பு என்னுடையது, தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அதைப் பற்றி வேறொரு கடிதம் எழுதுவேன். 8.35 உடன் நான்கைக் கூட்டினால் 12.35 வரும். அவர்கள் 7.30 உடன் கூட்டியிருக்கிறார்கள்.

மட்டக்குளியில் பிறந்து வளர்ந்தும் இந்த ஆற்றை நான் பாலத்தின் மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் மட்டத்தில் இருந்து பார்த்தால் அது வேறு ஆறு. சிவனொளிபாத மலைப் பக்கம் ஊற்றெடுத்து 145 கிலோமீற்றர் ஓடிவருகிற தண்ணீர், அம்பத்தலையில் எங்கள் வீட்டுக் குழாய்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு மிச்சத்தோடு இங்கே வருகிறது. கரையோர மூங்கில்களில், நான் துடுப்பை நிமிர்த்திப் பிடித்தாலும் எட்டாத உயரத்தில், கந்தல் பொலித்தீன் தொங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் மாட்டிவிட்டுப் போனது. அதற்குக் கீழே போகும்போது இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. களனி விகாரையைத் தாண்டியதும் ஒரு கபரகொய்யா, உடும்பு போன்ற பெரிய பிராணி, நீந்தி வந்தது. அது எங்களை முந்தியது என்று நண்பர் இன்றைக்கும் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது எங்களுக்குச் சமமாகத்தான் வந்தது.

கரையில் ஒதுங்கி ஒரு வீட்டார் தந்த பிளேன்டீ குடித்ததையும் மறைக்கவில்லை. அதில் பதினைந்து நிமிடம் போனது. ரயில் பாலத்தை நெருங்கும்போது 10.55.

பாலத் தூண்களை அணைத்தபடி ஆகாயத்தாமரை பாய் விரித்தது போல அடைந்து கிடந்தது. ஊதாப் பூ, தூரத்தில் நின்று பார்க்க அழகு. முன்னே போனவர்கள் வலது பக்கமாகச் சுற்றிப் போனார்கள். நாங்கள் இடையில் தெரிந்த ஒரு சந்துக்குள் நுழைந்தோம். நுழையலாம் என்று சொன்னது நான். இதை எழுதச் சொல்லி நண்பர் வற்புறுத்தியிருக்கிறார். அந்தப் பூண்டுக்கு வேர் தாடி போல நீளமாகத் தொங்குகிறது. துடுப்பு சுலபமாக உள்ளே போகும், வெளியே எடுத்தால் ஒரு கூடை வேரும் அதோடு வரும், வேரிலிருந்து சின்னச் சின்ன நத்தைகள் மடியில் விழும். முன்னால் வலித்தால் பின்பக்கம் சிக்குகிறது, பின்னால் தள்ளினால் முன்பக்கம் ஏறிக்கொள்கிறது. எங்கள் தலைக்கு மேலே மூன்று ரயில்கள் போயின. ஒன்றில் வாசலில் நின்ற பையன்கள் கைகாட்டினார்கள். நாங்களும் காட்டினோம். உதவிக்கு அழைக்கிறோம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அழைக்கத்தான் செய்தோம்.

35 நிமிடத்துக்குப் பிறகு மட்டக்குளிப் பக்கமிருந்து ஒரு இயந்திரத் தோணி வந்தது. ஓட்டியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூங்கில் தாங்குதடியால் எங்களை ஒரே தள்ளில் வெளியே விட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். போட்டிக்கு என்றோம்.

“அது முடிந்துவிட்டதே. சோறும் கொடுத்துவிட்டார்கள்” என்றார். பார்சல் அவருடைய காலடியில் இருந்தது.

விசாரித்தால், காலையில் அந்தப் போட்டிக்குப் பாதுகாப்புத் தோணியாக நின்றவர்களில் அவரும் ஒருவர். எல்லா வள்ளமும் வந்துவிட்டது என்று சொல்லி, கூலியையும் பார்சலையும் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அவர் வீடு மேலே களனிப் பக்கம் இருந்தபடியால் எங்களைக் கண்டார். வேறு பக்கம் இருந்திருந்தால் இந்தக் கடிதம் இன்னும் நீண்டிருக்கும், அல்லது வந்தே இருக்காது. கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போகவா என்று கேட்டார். இழுத்தால் கிலோமீற்றர் கணக்கு பிழைத்துவிடும், 31 பேருக்குப் பதில் சொல்ல முடியாது, வேண்டாம் என்றோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையை நான் வர்ணிக்கவில்லை. ஆனாலும் புதிய களனிப் பாலம் வரை மெதுவாக எங்கள் பின்னால் வந்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்.

2021இல் திறந்த அந்தப் பாலத்தின் நிழலைக் கடந்தால் இடது கரையில் கிராண்ட்பாஸ், நாகலகம் வீதி. கொழும்பில் வெள்ளம் வரும்போதெல்லாம் வானொலியில் இத்தனை அடி என்று நீர்மட்டம் சொல்வார்களே, அந்த நாகலகம் வீதிதான். கிராண்ட்பாஸை எங்கள் ஆட்கள் பாலத்துறை என்பார்கள். 1895இல் விக்டோரியா பாலம் கட்டும் வரைக்கும் அங்கே இருந்தது வள்ளங்களை நிரையாகக் கட்டி மேலே பலகை பரப்பிய மிதவைப் பாலம். என் தாத்தா தன் தகப்பன் சொன்னதாக இதைச் சொல்வார். அந்தப் பாலத்தில் ஒரு வள்ளம் குறைந்திருந்தால் மாட்டுவண்டிக்காரனுக்குக்கூட உடனே தெரிந்திருக்கும்.

அங்கிருந்து கடற்காற்று. காலையில் ஆறு அசையாமல் கிடக்கும், வெயில் ஏற ஏறக் கடல் பக்கமிருந்து காற்று எழும், இது கரையில் வாழ்கிற எவருக்கும் தெரியும். அதனால்தான் அறிவித்தலில் 7.30 என்று போட்டிருப்பார்கள், போட்டவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. மேடையில் போன ஒரு மணித்தியாலத்தை நாங்கள் அந்தக் காற்றில் திருப்பிக் கட்டினோம். இரண்டு தரம் வலித்தால் ஒரு தரம் பின்னால் போனோம்.

மட்டக்குளியில் முடிவிடத்தை அடைந்தபோது என் கைக்கடிகாரத்தில் 12.20. ஆரம்பித்து 3 மணித்தியாலம் 45 நிமிடம். விதிப்படி கால் மணித்தியாலம் மிச்சம்.

கரையில் “முடிவு” என்று எழுதிய காற்றடைத்த வளைவு தரையில் கிடந்தது. இரண்டு பையன்கள் அதன் மேல் உருண்டு உருண்டு காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். மேடை இருந்த இடத்தில் நான்கு குழிகள், நசுங்கிய புல், சோற்றுப் பார்சல் தாள்களை இழுத்துக்கொண்டு திரியும் காகங்கள். நேரம் பதிகிற மேசை இல்லை. ஒலிபெருக்கி இல்லை. நண்பர் வள்ளத்தில் இருந்தபடியே, “மச்சான், பிழையான ஆற்றுக்கு வந்துவிட்டோமா?” என்று கேட்டார்.

ஆனால் ஒருவர் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். உண்மையில் காத்துக்கொண்டிருந்தார், கோபத்தோடு, கையில் ஒரு தாளோடு, லொறிப் படிக்கட்டில் நின்றபடி. வள்ளங்களை வாடகைக்குக் கொடுத்தவரின் ஆள் அவர். ஏற்றிய வள்ளங்களை எண்ணியிருக்கிறார், ஒன்று குறைந்திருக்கிறது. 47ஆம் இலக்கம் இல்லாமல் லொறியை எடுத்தால் முதலாளி சம்பளத்தில் வெட்டுவார் என்று முக்கால் மணித்தியாலமாக ஏற்பாட்டுக் குழுவோடு வாக்குவாதப்பட்டிருக்கிறார். வேறெங்காவது கரையில் கிடக்கும், தேடித் தருகிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம். அதில் இரண்டு பேர் இருந்திருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வள்ளம் ஒன்று குறைவது தெரிந்திருக்கிறது, ஆள் இரண்டு குறைவது தெரியவில்லை. அந்த லொறிக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் டாலி பார்த்தவர். அன்று அந்தக் கரையில் ஒழுங்காக வேலை செய்தவர் அவர் ஒருவரே.

கைக்குட்டைத் துண்டுகளை ஓட்டையிலிருந்து பிடுங்கும்போது கொஞ்சம் திட்டினார். வாங்கிக்கொண்டோம்.

திங்கட்கிழமை ஏற்பாட்டுக் குழுவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் பிள்ளை மிகவும் மரியாதையாகப் பேசினார். பட்டியலைப் பார்த்துவிட்டு, “அங்கிள், உங்களுக்கு நேராக நிறைவு செய்யவில்லை என்று இருக்கிறது” என்றார். அப்படியானால் எங்களை எங்கே இருந்து மீட்டீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. செய்தியில் 52உம் கரை சேர்ந்தன என்கிறீர்கள், பட்டியலில் ஒன்று நிறைவு செய்யவில்லை என்கிறீர்கள், இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லையே, பிள்ளை, என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்று வியாழக்கிழமை.

இது வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கௌரவமும் கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் முடித்த இடத்திலிருந்து கடல் எட்டிப் பார்க்கும் தூரம்தான். எங்கள் ஊருக்கு முகத்துவாரம் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. அங்கே ஆறு மணல்திட்டைத் தாண்டிக் கடலில் இறங்குகிறது, அலை உடைகிறது. அன்று காற்று எதிரே வீசியதால் நாங்கள் பிந்தினோம். மலையில் மழை பெய்து ஆறு இழுக்கிற நாளாக இருந்திருந்தால், களைத்துப்போன இரண்டு பேர், எங்கே நிற்பது என்று காட்ட வளைவு இல்லை, கொடி இல்லை, கூப்பிட ஆள் இல்லை, முடிவிடத்தையும் தாண்டிப் போயிருப்பார்கள். வீட்டில் மனைவி மாலை வரைக்கும், “பரிசளிப்பு நீண்டுவிட்டது போல” என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

முன்னனுபவம் இல்லாதவர்கள் நடத்துகிற காரியத்தில் இப்படி நடக்கும்தானே என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். 2006 டிசம்பரில் மெல்பேர்னில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அத்தான் எங்களை நான்கு மணித்தியாலம் காரில் ஸ்வான் ஹில் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மரே நதியில் யாரவொங்காவில் தொடங்கி அந்த ஊரில் முடிந்த துடுப்புப் போட்டி, ஐந்து நாளில் 404 கிலோமீற்றர். 1969இல் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பணம் சேர்க்கச் சிலர் வள்ளம் வலித்துப் போனதில் தொடங்கியது. நாங்கள் பார்த்தது ஆண்டின் கடைசி நாள், போட்டியின் கடைசி நாள். வந்தவர்களில் பாடசாலைப் பிள்ளைகள், தொப்பைக்காரர்கள், தாத்தாமார், எல்லாரும் எங்களைப் போன்றவர்கள்தான். வழியில் பல இடங்களில் சோதனைச் சாவடி போட்டு, எந்த இலக்கம் எத்தனை மணிக்குக் கடந்தது என்று பதிந்துகொண்டே வருவார்கள் என்று அத்தான் சொன்னார். முடிவிடத்தில் குடைக்குக் கீழே ஒரு பெண்மணி, மடியில் பலகை, பலகையில் தாள், காதில் பென்சில். எனக்குப் பரிசைப் பார்ப்பதைவிட அவரைப் பார்ப்பதுதான் சுவாரசியமாக இருந்தது. வென்றவர்கள் குளித்து உடுத்துத் தேநீர் குடித்து முடித்த பிறகும் வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. அவர் எழும்பவில்லை. கடைசியாக ஒரு முதியவர் தனியாக வந்து சேர்ந்தார். அவருக்கும் ஒரு கோடு போட்டு, கூட்டிப் பார்த்து, அடியில் கையெழுத்திட்டு, பிறகுதான் அந்த அம்மா நாற்காலியை மடித்தார். டாலி என்றால் அது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. கரையில் ஈரக் காற்சட்டையோடு உட்கார்ந்திருந்தபோது நண்பர் 2016 மே மாதத்தை நினைவுபடுத்தினார். இதே ஆறு பெருகி கொலன்னாவை மூழ்கியபோது, அவரையும் மனைவியையும் மாமியாரையும் கூரையிலிருந்து படகில் இறக்கினார்கள். படகின் முன்னால் இருந்த பையன் ஒரு அப்பியாசக் கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு, ஏறுபவர்கள் பெயரையும், வீட்டில் இன்னும் எத்தனை பேர் என்பதையும் எழுதினானாம். அந்த மழையில், அந்த இருட்டில். இங்கே வெயில் எறிக்கிறது, கூடாரம் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, கொப்பி இல்லை.

ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். சேர்ந்த பணத்துக்குக் கட்டில்கள் வரும் என்று நம்புகிறேன், வந்தால் முதலில் கைதட்டுபவன் நான். அடுத்த வருடமும் நடத்த வேண்டும். ஆனால் தயவுசெய்து பழைய சோனகத் தெருவில் ஒரு பலகையும் கால் கிலோ ஆணியும் வாங்குங்கள். எத்தனை வள்ளமோ அத்தனை ஆணி, ஆணிக்கு ஒரு இலக்க வில்லை. வள்ளத்தில் ஏறுபவர் தன் வில்லையைக் கழற்றி உயிர்காப்பு அங்கியில் மாட்டிக்கொண்டு போகட்டும். கரை ஏறியதும் முடிவிடத்தில் அந்தப் பலகையில், தன் ஆணியில், தானே கொண்டுவந்து மாட்டட்டும். வெறும் ஆணி ஒன்று இருக்கும் வரைக்கும் தோணிக்காரருக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்கக் கூடாது. அதிதி பிந்தினால், பிந்திய நேரத்தை முடிவிலும் கூட்ட வேண்டும். கூட்ட மனமில்லை என்றால் அதிதியை விட்டுவிட்டு 7.30க்குத் தொடங்கலாம். ஆறு அவருக்காக நிற்காது.

பலகைக்கு ஆள் வேண்டுமானால் நாங்கள் இருவரும் வருகிறோம். சம்பளம் வேண்டாம். குடையும் பென்சிலும் எங்களுடையவை. நண்பர் பிளேன்டீ கேட்பார்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் கபரகொய்யாவை வெட்டிவிடலாம், இலக்கங்களில் மட்டும் கைவைக்க வேண்டாம். முக்கியமாக அந்த 51ஐ. எனது படிவத்தில் இருந்த 18,600 ரூபாவில் 18,100ஐச் சேர்த்துக் கட்டிவிட்டேன். மிச்சம் 500 மீன்காரரிடம் நிற்கிறது. நிறைவு செய்யவில்லை என்று பட்டியலில் இருப்பதைக் கேள்விப்பட்டு, அரைவாசிதான் தருவேன் என்கிறார். இந்தக் கடிதம் அச்சில் வந்தால் மற்றப் பாதியையும் தருவதாக நேற்றுக் காலை, சாளை மீன் நிறுத்துக்கொண்டே, சாட்சி வைத்துச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
47ஆம் இலக்க வள்ளத்தில் முன்னால் இருந்தவர்,
மட்டக்குளி, கொழும்பு 15.